நாற்பது ஸ்ட்ரிப்பும் நானூறு ஸ்ட்ரிப்பும்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர் ஒரு பரிசோதனை கிட் தயாரிப்பு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர்; பிறகு மதுரை கோரிப்பாளையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் ரத்தப் பரிசோதனை லேப் நடத்தியவர்.

ஆராய்ச்சி மாணவி, நாகமலை புதுக்கோட்டை: சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போதே ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தை என் முனைவர் பட்ட ஆய்வில் கண்டிருக்கிறேன். 60 நோயாளிகள், 60 ஆரோக்கியமானவர்கள். 95 சதவீதம் சரியாகப் பிரித்துக் காட்டுகிறது. உடனே கட்டுரை எழுதி அனுப்பு என்கிறார் வழிகாட்டி. முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பி என்கிறாள் தோழி. யார் சொல்வதைக் கேட்பது?

முதலில் வாயை மூடிக்கொள், மகளே. கோபித்துக்கொள்ளாதே. கட்டுரை அச்சில் வந்துவிட்டால், மாநாட்டில் போஸ்டர் ஒட்டிவிட்டால், ஆய்வேடு, எவரும் படிக்கும்படி ஆய்வேடுகளை ஏற்றும் சோத்கங்கா தளத்தில் ஏறிவிட்டால் அது ஊரறிந்த செய்தி. ஊரறிந்த செய்திக்குக் காப்புரிமை கிடைக்காது. சட்டத்தில் ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பிக் கிணற்றில் இறங்காதே. முழு விண்ணப்பம் எழுதுமளவுக்கு வேலை முடியவில்லையென்றால் தற்காலிக விண்ணப்பம் போடலாம். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரத்தையும் கொடுக்க வேண்டும். தற்காலிக விண்ணப்பம் போட்ட மறுநாளே கட்டுரையை அனுப்பு. வழிகாட்டிக்கும் மனக்குறை இருக்காது. விண்ணப்பம் யார் பெயரில் போக வேண்டும், நாளைக்குப் பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். காரிடாரில் நின்று பேசியது கணக்கில் வராது.

அந்தப் புரதம் உன் சொத்து ஆகாது. அது எல்லோர் ரத்தத்திலும் ஓடுகிறது. இயற்கையில் இருப்பதைக் கண்டேன் என்பதை நம் காப்புரிமைச் சட்டம் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. நோயறியும் முறைகளுக்கும் அதன் 3-ஆம் பிரிவு முட்டுக்கட்டை போடுகிறது. புரதத்தைப் பிடிக்க நீ உருவாக்கிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), கிட்டின் அமைப்பு, அதில் சேர்த்த வேதிப்பொருள்களின் கலவை ஆகியவற்றைக் காட்டித்தான் வாதாட முடியும்.

காப்புரிமையை விட்டவர்கள் கதை ஒன்று சொல்கிறேன். மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் சிவப்புக் கோடு விழுகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது ஒற்றை வகை எதிர்ப்பொருள். அதைச் செய்யும் வழியை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள். காப்புரிமை வாங்கலாமா என்று மேலே கேட்டபோது, இதற்கு உடனடிப் பயன் என்னவென்று தெரியவில்லை என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறு ஆட்கள், மில்ஸ்டீன் அனுப்பிக் கொடுத்த செல்களையே வைத்துச் செய்த வேலைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். மில்ஸ்டீனுக்கு 1984-இல் நோபல் பரிசு வந்தது. பிரிட்டனுக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சியது.

இனி நீ கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்த 60 ஆரோக்கியமானவர்கள் யார்? விடுதித் தோழிகள்தானே? எனக்குத் தெரியும், எல்லா ஆராய்ச்சி மாணவர்களும் அடுத்த அறைக்காரியின் கையைத்தான் முதலில் நீட்டச் சொல்வார்கள். இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் ரத்தத்தையும் அறுபது வயது சர்க்கரை நோயாளியின் ரத்தத்தையும் பிரித்துக் காட்ட உன் புரதம் எதற்கு? தலைமுடியைப் பார்த்தாலே போதும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் அறுபது வயது சர்க்கரை நோயாளியையும், சிறுநீரகம் லேசாகக் கெடத் தொடங்கிய அறுபது வயது சர்க்கரை நோயாளியையும் அது பிரிக்கிறதா? அதுதான் பரீட்சை.

95 சதவீதம் என்கிறாயே, ஒரு கணக்குப் போட்டுப் பார். உன் கிட் நோயுள்ளவரில் 100-க்கு 95 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாதவரில் 100-க்கு 95 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள். 2,000 பேர் வந்த முகாமில் 100 பேருக்கு நோய். 95 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 1,900 பேரில் 5 சதவீதம் தவறாகச் சிக்கினால் அதுவும் 95 பேர். உன் கிட் "இருக்கிறது" என்று சொன்ன 190 பேரில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. காசைச் சுண்டிப் பார்த்தாலும் இதே கதைதான். சிறுநீரில் ஆல்புமின் பார்க்கும் பழைய பரிசோதனை வேறு குறைந்த விலையில் எல்லா லேபிலும் இருக்கிறது. நீ மோத வேண்டியது அதனோடு.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, சரியான 200 நோயாளிகளைத் தேடிப் போ.

இளம் தொழில்முனைவர், கப்பலூர்: நான் இன்ஜினியர். சிட்கோவில் சிறிய இடம் இருக்கிறது. பல்கலைக்கழகத் துறை ஒன்றிடமிருந்து தொழில்நுட்பம் வாங்கி, காய்ச்சல் கண்டறியும் ஸ்ட்ரிப் தயாரிக்கலாம் என்று எண்ணுகிறேன். லேபில் நன்றாக வேலை செய்வதை நேரில் பார்த்தேன். எவ்வளவு காலமாகும்?

லேபில் நன்றாக வேலை செய்வதை நானும் நேரில் பார்த்திருக்கிறேன், தம்பி. கை வைத்துச் செய்ததும் நான்தான்.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பேராசிரியரும் நானும் எலிக்காய்ச்சலுக்கு, கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற ஸ்ட்ரிப் செய்தோம். வயல்காட்டில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு வரும் நோய். நம் பக்கத்துக்கு வேண்டிய பொருள். என் வீட்டு மாடி அறையில் மேஜை போட்டு, நைட்ரோசெல்லுலோஸ் சவ்வில் கோடு இழுத்து, தங்கத் துகள் ஏற்றிய பஞ்சை ஒட்டி, கத்தரியால் வெட்டி 40 ஸ்ட்ரிப் செய்தோம். நாற்பதும் முத்து மாதிரி வந்தன. பேராசிரியர் கட்டுரை எழுதினார், அதுவும் வெளிவந்தது. அது மாசி மாதம்.

ஐப்பசியில் 400 செய்யலாம் என்று இறங்கினோம். வெளியே மழை. அந்தச் சவ்வு அப்பளம் மாதிரி. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். ஒரு ஸ்ட்ரிப்பில் திரவம் இரண்டு நிமிடத்தில் ஏறியது, அடுத்ததில் ஒன்பது நிமிடம். ஒன்றில் கோடு ரத்தச் சிவப்பு, பக்கத்திலேயே செய்த இன்னொன்றில் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய கோடு. நானூறில் ஒன்று போல் ஒன்று இல்லை. நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்டினால் மணி அடிக்கும், எல்லோரும் கையை எடுத்துவிடுவோம். ஒன்பது வருடம் அந்த மணியைக் கேட்டவள் மாடியறையில் உட்கார்ந்து கோடு இழுத்தேன். அறிவு எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

ஆராய்ச்சியாளர் தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்து, சரியாக வராததை "கை தவறியது" என்று குப்பையில் போடுவார். அவர் மேல் குற்றமில்லை, ஆராய்ச்சி அப்படித்தான் நடக்கும். நீ விற்கப்போகும் பெட்டியிலோ 25 ஸ்ட்ரிப்பும் ஒன்று போல் இருக்க வேண்டும், அடுத்த லாட், அதாவது அடுத்த தடவை செய்யும் தொகுதி, முந்தைய லாட் போல் இருக்க வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ் மேல் ஏற்றி, சித்திரை வெயிலில் ராமநாதபுரம் வரை போய், அங்கே மின்விசிறி ஓடாத அறையில் பதினெட்டு மாதம் கழித்துப் பிரித்தாலும் அதே கோடு விழ வேண்டும். பெட்டியில் "30 டிகிரிக்குள் வைக்கவும்" என்று அச்சடித்துவிடலாம். நம் ஊர் வெயில் அதைப் படிக்காது. தொழில்நுட்பம் வாங்கும்போது பேராசிரியரிடம் கட்டுரையைக் கேட்காதே. மூன்று தனித்தனி லாட்டுகளின் ரீடிங்கைக் கேள். இல்லையென்றால், நீ வாங்குவது யோசனையைத்தான். அதற்கேற்ற விலையைப் பேசு.

உரிமம்: 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி பரிசோதனை கிட்டுகளும் மருத்துவக் கருவிகளே. ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு. முதல் இரண்டுக்கும் உற்பத்தி உரிமம் மாநில அதிகாரியிடம், மற்ற இரண்டுக்கும் டெல்லியில். எச்ஐவி, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ்-பி, ஹெபடைடிஸ்-சி போன்றவற்றைக் கண்டறியும் கிட்டுகள் டி வகுப்பு. புதிதாக இறங்குகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். சோதித்துப் பார்க்கச் சிறிய அளவில் செய்வதற்கே எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-13 உரிமம் வாங்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரிப்பைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் வீண். பணத்துக்கு மத்திய அரசின் பைராக் நிறுவனம் 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை தொடக்க மானியம் தருகிறது.

காலம் கேட்டாய். ஒரு வருடம் என்று எவராவது சொன்னால் அவரோடு கூட்டுச் சேராதே.

கல்லூரி மாணவர், திருமங்கலம்: விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், இருநூறு பரிசோதனை என்று விளம்பரம் பார்த்தேன். முடியுமா?

அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண் பத்தொன்பது வயதில், 2003-இல் தெரனோஸ் என்று நிறுவனம் தொடங்கி, அதற்காக ஸ்டான்போர்டு படிப்பையும் விட்டுவிட்டு இதைத்தான் சொன்னார். ஒரு கட்டத்தில் 900 கோடி டாலர் மதிப்புப் போட்டார்கள். 2022-இல் மோசடிக் குற்றத்துக்குப் பதினோரு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை வந்தது. விரலை அழுத்திப் பிழியும்போது ரத்தத்தோடு திசுநீரும் கலக்கும், செல்களும் உடையும். சர்க்கரை பார்க்கலாம். இருநூறு பார்க்க ஆசைதான் படலாம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சோழவந்தான்: ஆராய்ச்சிக்கு அரசுப் பணம். ரத்தம் கொடுத்தவன் ஏழை நோயாளி. கடைசியில் ஒரு கம்பெனி அதை கிட் ஆக்கி அந்த ஏழைக்கே விற்கிறது. இது நியாயமா?

நியாயமில்லை, ஐயா. ஆனால் கம்பெனி இல்லாமலும் முடியாது என்பதை என் மாடியறை எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதனால் "யார் விற்பது" என்பதை விட்டுவிட்டு, "என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள்" என்று கேட்க வேண்டும் என்பேன்.

உங்கள் வீட்டில் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி இருக்கலாம். அந்த வகையில் ஒன்று பிரிட்டனின் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியில் பிறந்து, 1987-இல் பேனா வடிவில் கடைக்கு வந்தது. தயாரித்த மெடிசென்ஸ் நிறுவனத்தை 1996-இல் அபாட் 87 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. அத்தனை பணமும் கருவியை விற்று வருவதில்லை. கருவியை மலிவாகத் தள்ளிவிட்டு ஸ்ட்ரிப்பில் பிடித்துவிடுவார்கள். வீட்டம்மாவைக் கேட்டால் மாதாமாதம் ஸ்ட்ரிப்புக்குக் கொடுக்கும் தொகையைச் சொல்வார்.

காசநோய்க்கு ஜீன்எக்ஸ்பர்ட் என்று ஒரு பெட்டி இருக்கிறது. சளியைப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் அளித்தது. நியூஜெர்சி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் செஃபீட் என்ற கம்பெனியும் சேர்ந்து செய்தது. அந்தத் தொழில்நுட்பத்தில் 25 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் போயிருக்கிறது என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. ஆனாலும் பரிசோதனைக்கு ஒன்றாகப் பெட்டியில் செருகும் கார்ட்ரிட்ஜ் ஏழை நாடுகளுக்கு முதலில் 16.86 டாலர். 2012-இல் அறக்கட்டளைகளும் அரசுகளும் மேலும் பணம் கொடுத்து அதை 9.98-க்கு இறக்கின. 2023-இல் நோயாளிகள் அமைப்புகள் கத்திய பிறகு 7.97 ஆனது. விதை போட்டவர்கள் விளைச்சலுக்கு நிபந்தனை எழுதவில்லை, ஐயா. அதனால் பதின்மூன்று வருடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. இதற்கிடையே நம் நாட்டிலும் பெங்களூரின் பிக்டெக்கும் கோவாவின் மோல்பயோவும் பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் கருவியைக் கொண்டுவந்தன. 2020-இல் அதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. குளிரூட்டிய அறை கேட்காத கருவி. விலை இறங்கப் போட்டியும் ஒரு வழி.

இன்னொரு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. பரிசோதனை கிட் இல்லை, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலர் அளவில் விற்றபோது, அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்து பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தார்கள். சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் பஸ்ஸிலிருந்தே தெரியும். அங்கே முதலில் விலையை முடிவு செய்துவிட்டு அதற்குள் அடங்கும்படி பொருளைச் செய்தார்கள். பல்கலைக்கழகங்கள் உரிமம் எழுதும்போது "அரசு ஆஸ்பத்திரிக்கு இந்த விலைக்கு மேல் போகக்கூடாது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை எழுத யாருக்கும் கை வருவதில்லை.

வாசகர், திண்டுக்கல்: இனி கம்ப்யூட்டரே நோயைச் சொல்லிவிடும், லேப் எதற்கு என்கிறான் என் பேரன்.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படம் பார்த்துச் சொல்லும் கம்ப்யூட்டர் நிரல் பற்றிய கூகுள் கட்டுரை 2016-இல் வந்தது. 1,28,175 விழித்திரைப் படங்களை வைத்துப் பழக்கினார்கள். படம் கொடுத்த இந்திய மருத்துவமனைகளில் நம் அரவிந்தும் உண்டு. பிறகு தாய்லாந்தில் கிராமத்து நர்சுகள் கையில் அதைக் கொடுத்துப் பார்த்தபோது, ஐந்து படத்தில் ஒன்றைத் தெளிவில்லை என்று கருவி தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் அதிகம், இணையம் மந்தம். படம் தள்ளுபடியானவர் இன்னொரு நாள் கூலியை விட்டு ஊருக்குப் போக வேண்டும். பேரனிடம் சொல்லுங்கள்: கம்ப்யூட்டருக்கும் ஐப்பசி மழை உண்டு.

வாசகி, உசிலம்பட்டி: 2010-இல் என் கணவருக்கு விடாத இருமல். தனியார் லேபில் ரத்தம் எடுத்து டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. வேலையை விட்டார், மாமியார் வீட்டில் தட்டைத் தனியாக வைத்தார்கள். பிறகு வேறு மருத்துவர் சளி பார்த்து, படம் எடுத்து, இது ஆஸ்துமா, டிபி வந்த அடையாளமே இல்லை என்றார். அந்த ரத்தப் பரிசோதனை பொய்யா, அம்மா? படித்தவர்கள் செய்த கிட் தானே?

படித்தவர்கள் செய்ததுதான், அம்மா. அந்தப் பரிசோதனையை நானும் செய்திருக்கிறேன்.

காசநோய்க் கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை அளப்பது அது. கிருமியின் புரதங்களைப் பற்றி உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் நல்ல ஆராய்ச்சிகள் நடந்தன. கட்டுரைகளும் நிறைய. அவற்றைப் பிடித்துக் கம்பெனிகள் கிட் செய்தன. பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை; அங்கீகாரமுள்ள எந்த ஒழுங்குமுறை அமைப்பும் அவற்றுக்கு ஒப்புதல் தந்திருக்கவில்லை. இங்கே விற்றார்கள். ஆனால் நம் நாட்டில் கோடிக்கணக்கானவர் உடம்பில் அந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது, நோய் உண்டாக்காமல். அவர்கள் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கலாம். உண்மையான நோயாளி சிலர் ரத்தத்தில் அது இல்லாமலும் போகலாம். இல்லாதவருக்கு இருக்கிறது என்றும், இருப்பவருக்கு இல்லை என்றும் சொல்லும். நாகமலைப் பெண்ணுக்குச் சொன்ன கணக்கேதான்.

அந்தப் பரிசோதனையை எலைசா என்ற முறையில் செய்வோம். தட்டில் 96 குழிகள். கடைசித் திரவம் ஊற்றியதும் நீலம் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்று கருவி எண் சொல்லும். எல்லைக்கோடு 0.40 என்றால் 0.41 வந்தவருக்கு "பாசிட்டிவ்" என்று அடித்துக் கொடுப்போம். 0.39 வந்தவர் தப்பினார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது துளி அளந்து விடும் என் பிப்பெட்டின் நடுக்கமாகக்கூட இருக்கலாம். எனக்கு அது தெரியும். விடை தெரிந்த கட்டுப்பாட்டுச் சாம்பிள் சரியாக வந்தது, கிட் காலாவதியாகவில்லை, மருத்துவர் எழுதிக் கேட்டிருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டேன். சளிப் பரிசோதனையில் லேபுக்குக் கிடைத்தது சில்லறை; இதில் கிடைத்தது நோட்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2011-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. 2012 ஜூனில் இந்திய அரசு தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்தது. தடை வந்த அன்று என் குளிர்பெட்டியில் பிரிக்காத இரண்டு பெட்டி இருந்தன. கம்பெனி ஆள் திரும்ப எடுத்துக்கொள்ள வரவில்லை.

உங்கள் கணவரிடம் எவரும் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார்கள். சொன்னது பொய்யாகிவிட்டது.

என் பழைய பதிவேடுகள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. கடிதத்தில் அவர் பெயரும் மாதமும் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊர்ச் சாம்பிள்கள் ஆரப்பாளையம் பக்கத்து லேபுகளுக்குத்தான் அதிகம் போகும், எனக்கு வந்திருக்காது என்று நினைத்தேன். இருந்தாலும் கடிதம் வந்த இரவே ஏணி போட்டு 2010 நோட்டை இறக்கினேன். உசிலம்பட்டி என்று ஏழு பேர் இருக்கிறார்கள். அவர் இல்லை.